இன்ஜின் மாற்றிய 1972 செவ்ரோலெட் சி10: பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

டல்லாஸில் இருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1972 செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முழுதாகப் புதுப்பித்து பெயின்ட் அடித்த வண்டி. பழைய இன்ஜினை எடுத்துவிட்டு, 2004 சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 இன்ஜினையும் அதன் ஆட்டோ கியர்பாக்ஸையும் வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஓட்டவும், எப்போதாவது ஹூஸ்டன் வரை போய்வரவும் ஆசை. "ஒரிஜினல் இன்ஜின் போனால் மதிப்பே போச்சு என்கிறார் நண்பர். வாங்கலாமா? வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?"

வாங்கலாம். நண்பர் சொல்வது சில கார்களுக்குப் பொருந்தும், இந்த வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சி10 உழைப்பதற்காகச் செய்த வண்டி, ஓடிய காலத்திலேயே பலவற்றுக்கு இன்ஜின் மாறிவிட்டது. 1972 வண்டியின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி தரும் அடையாள எண்ணைப் பாருங்கள், மூன்றாவது எழுத்து இ (E) என்றால் வி8, எஸ் (S) என்றால் ஆறு சிலிண்டர், இன்ஜினைப் பற்றி அவ்வளவுதான் அது சொல்லும். எந்த வி8 என்று தெரிய கிளவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் பேக்டரி ஸ்டிக்கர் வேண்டும். அந்த ஸ்டிக்கரோடு, எதுவும் மாறாத ஒரு செயென் சூப்பர் (சி10இன் உயர்ரக மாடல்) கிடைத்தால் அதில் கை வைக்கக் கூடாது என்பேன். மற்ற சி10களில் நன்றாகச் செய்த இன்ஜின் மாற்றத்தை வாங்குபவர்கள் விரும்பியே தேடுகிறார்கள்.

காரணமும் இருக்கிறது. 1972இல் கிடைத்த 350 கன அங்குல வி8 இன்ஜினின் சக்தி 175 குதிரைத்திறன். 1999 முதல் சில்வராடோ, டாஹோ, சபர்பன் வண்டிகளில் வந்த எல்எம்7 என்ற 5.3 லிட்டர் இன்ஜின், ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 வரை தரும். இரும்பு பிளாக், ஒழுங்காக ஆயில் மாற்றினால் நெடுநாள் உழைக்கும், உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். குளிர்காலக் காலையில் கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆக, இன்ஜின் தேர்வில் எனக்குக் குறையே இல்லை. என் கவலையெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் பழைய பாகங்களைப் பற்றித்தான். இன்ஜினைத் தூக்கி வைப்பது இரண்டு நாள் வேலை, மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றத்தான் மாதக்கணக்கில் ஆகும், அங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் பெட்ரோல். 1972 வரை இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தது, 1973 மாடலில்தான் வெளியே கொண்டுபோனார்கள். உங்கள் மகளின் முதுகுக்குப் பின்னால் டேங்க் என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். சீட்டை முன்னால் சாய்த்துப் பாருங்கள். நன்றாகச் செய்தவர்கள் அதை எடுத்துவிட்டு, பின்பக்கம் சரக்கு ஏற்றும் பகுதிக்கு அடியில், சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே புது டேங்க் வைத்திருப்பார்கள். பழைய கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் 5.3 இன்ஜினுக்கு வேண்டியது ஏறக்குறைய 58 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தைச் சாதாரண ரப்பர் ஹோஸும் திருகுக் கிளாம்பும் நெடுநாள் தாங்காது, நான் பார்த்த ஒரு வண்டியில் ஹோஸ் வெடித்துச் சூடான எக்ஸாஸ்ட் மீது பெட்ரோல் தெளித்திருந்தது, தீப்பிடிக்காதது அவர்கள் அதிர்ஷ்டம். டேங்கிலிருந்து இன்ஜின் வரை லைன் முழுவதையும் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து கூலிங். இந்த வகை இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டுகளில் நீராவி வெளியேற சின்னத் துளைகள் உண்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ரேடியேட்டருக்கோ வாட்டர் பம்புக்கோ போக வேண்டும். இடைஞ்சல் என்று சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் ஹெட்டுக்குள் நீராவி தங்கி, மீட்டர் சரியான வெப்பத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓரிடம் மட்டும் கொதிக்கும். விற்பவரிடம் "ஸ்டீம் லைன் எங்கே போகுது?" என்று கேளுங்கள். உடனே விரலால் காட்டினால் வேலை தெரிந்தவர் செய்த வண்டி.

வயரிங்கைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் விலை குறைந்த ஓபிடி ஸ்கேனர் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் அதைச் செருக இடம் இருக்கும், செக் இன்ஜின் விளக்கும் இருக்கும். வண்டி ஓடும்போது வெப்பம், பெட்ரோல் கலவை, பிழைக் குறியீடு எல்லாம் அதில் தெரியும். செருக இடமே இல்லை என்றால், நாளை ஒரு சென்சார் போனாலும் மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான். சில்வராடோவின் வின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள், எட்டாவது எழுத்து டி (T) என்றால் எல்எம்7. எவ்வளவு மைல் ஓடிய இன்ஜின் என்பதும் அதை வைத்தே ஓரளவு தெரியவரும்.

பிரேக்: 1971 முதல் சி10க்கு முன்பக்க டிஸ்க் கம்பெனியிலேயே வந்தது, சக்கரத்துக்கு ஐந்து போல்ட். இந்த 1972 வண்டியில் முன்னால் ஆறு போல்ட்டும் டிரம்மும் இருந்தால், யாரோ பழைய வண்டியின் முன்பாகத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இந்த சக்திக்கு அது போதாது. பெல்ட்டையும் பாருங்கள், இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் என்றால் தோள் பெல்ட் போட ஆகும் செலவையும் விலையில் கழியுங்கள்.

ஹூஸ்டன் பயணத்துக்கு சில்வராடோவிலிருந்து வந்த 4எல்60இ கியர்பாக்ஸ் பெரிய உதவி. பழைய மூன்று கியர் ஆட்டோவில் ஓவர்டிரைவ், அதாவது ஹைவேயில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர், கிடையாது. 3.73 விகித ஆக்சில், 28 அங்குல டயர் என்று வைத்துக்கொண்டால் 70 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 3100 சுற்றுக்கு மேல் கத்தும், இந்த கியர்பாக்ஸின் நான்காவது கியரில் அதே வேகத்துக்கு 2200 போதும். 50, 60 மைலில் தரை அதிர்ந்தால் டிரைவ் ஷாப்ட் கோணம் தவறாக இருக்கலாம்.

இதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகும். துரு அப்படியில்லை. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் பேனல், கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள், சக்கர வளைவு, கூரை ஓரத்து மழைநீர்த் தடம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை, இருக்கிறது. பட்டி மேல் பளபளவென்று பெயின்ட் அடித்தால் இரண்டு வருடம் அழகாக இருக்கும், அப்புறம் கொப்பளிக்கும். டிங்கரிங் நடந்தபோது எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள், உண்மையாக உழைத்தவர் நூறு போட்டோ வைத்திருப்பார்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது, இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டி, ஏசி போட்டபடி நிறுத்தி வைத்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் திணறினால் பெட்ரோல் லைனிலோ வயரிங்கிலோ கோளாறு இருக்கலாம்.

டெக்சஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை, இவ்வளவு பழைய வண்டிக்குப் புகைச் சோதனையும் கிடையாது. அதாவது அரசாங்கம் உங்களுக்காக இதைப் பார்க்கப் போவதில்லை. வண்டியைத் தூக்கிப் பார்க்க லிப்ட் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் காட்டுங்கள். கதவு ஓரத்துப் பிளேட், சேசிஸில் குத்திய எண், டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் மூன்றிலும் எண் ஒத்துப்போக வேண்டும். இன்சூரன்ஸை, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள், சாதாரணப் பாலிசியில் 1972 வண்டிக்குத் தேய்மானம் போக என்ன தருவார்களோ அதுதான் கிடைக்கும்.

ராக்கரிலோ கேபின் மூலையிலோ காந்தம் பிடிக்கவில்லை என்றால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள், 1967 முதல் 1972 வரையான சி10கள் டெக்சஸில் இன்னும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. உடம்பு சுத்தமாக இருந்து டேங்க் மட்டும் இன்னும் சீட்டுக்குப் பின்னால் இருந்தால், அதை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசி வாங்குங்கள், மாற்றி முடிக்கும்வரை மகளை ஏற்றாதீர்கள்.