சரக்கு விமானி ஆக ஆசைப்படுபவர்கள் கேட்ட கேள்விகள்

ஒரே மாதிரியான கேள்விகள் நிறைய வந்திருந்தன. தனித்தனியாகப் பதில் எழுதாமல், பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்து இங்கே எழுதுகிறேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் முடித்துவிட்டேன், 210 மணி நேரம் பறந்திருக்கிறேன். நேரே பெரிய சரக்கு விமானத்துக்குப் போக முடியுமா?

ரொம்ப அரிது. 200 மணி நேரம் லைசென்ஸ் வாங்கப் போதும், வேலை வாங்கப் பெரும்பாலும் போதாது. கேப்டன் ஆவதற்குத் தேவையான உயர்நிலை விமானி உரிமமான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவில் 2013-லிருந்து ஏர்லைன் துணை விமானிக்கே அந்த லைசென்ஸ் கட்டாயம், ராணுவத்திலிருந்தோ அங்கீகரித்த கல்லூரிகளிலிருந்தோ வருபவர்களுக்கு மட்டும் அந்த 1500 மணி நேரத்தில் சலுகை உண்டு. மற்ற பல நாடுகளில் கமர்ஷியல் லைசென்ஸோடு துணை விமானியாகச் சேரலாம், ஆனாலும் நீண்ட தூர சரக்கு நிறுவனங்கள் ஜெட் அனுபவம் உள்ளவர்களைத்தான் முதலில் கூப்பிடும்.

அப்போ நடுவில் என்ன செய்வது? பயிற்சியாளராகப் பறக்கலாம், ஏடிஆர் மாதிரி புரொப்பெல்லர் வைத்த டர்போபிராப் விமானத்தில் சேரலாம். கிடைத்தால் செஸ்னா கேரவன் என்ற சின்ன விமானத்தை ஓட்டும் வேலையை விட்டுவிடாதீர்கள். ஃபெடெக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் பார்சல் இந்தச் சின்ன விமானங்களில்தான் சிறு ஊர்களுக்குப் போகிறது, பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் ஓட்டுகின்றன. பல இடங்களில் காக்பிட்டில் நீங்கள் ஒருவர்தான். வானிலையைப் பார்ப்பது, எடை கணக்குப் போடுவது, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் உங்கள் தலையில். அப்படி இரண்டு வருடம் பறந்தவரின் முடிவெடுக்கும் விதமே வேறாக இருக்கும், இன்டர்வியூவில் அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சொந்தப் பணத்தில் போயிங் 777 டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) எடுத்தால் சீக்கிரம் வேலை கிடைக்குமா?

வேண்டாம். அந்த விமானத்தில் பறந்த மணி நேரம் இல்லாத ரேட்டிங்குக்கு மதிப்பு மிகக் குறைவு, ஆறு மாதம் சும்மா இருந்தால் கை மறந்தும் போகும். வேலை ஆர்டர் கையில் வந்தபிறகு நிறுவனமே பயிற்சி கொடுத்து பாண்டு எழுதி வாங்கினால், அதை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடன் வாங்கி ரேட்டிங் எடுத்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இன்டர்வியூவில் என்ன பார்ப்பார்கள்?

பறந்த நேரத்தை எழுதி வைக்கும் லாக்புக்கை முதலில் பார்ப்பார்கள். அதில் ஒரு மணி நேரம் கூட்டி எழுதியிருந்தாலும் உங்கள் கதை முடிந்தது, ஏனென்றால் அதற்குப்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப முடியாது. தேர்வில் தோற்றிருந்தால் மறைக்காதீர்கள். எங்கே தவறினீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று நிதானமாகச் சொன்னவரை நான் தேர்வுக் குழுவில் இருந்தபோது சந்தோஷமாகவே எடுத்திருக்கிறேன்.

சிமுலேட்டரில் அழகாக லேண்டிங் செய்வதைவிட, தப்பு நடந்ததும் வாய்திறந்து சொல்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்கிறீர்களா என்பதுதான் கவனிக்கப்படும். அப்புறம், "ஏன் சரக்கு விமானம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பயணிகள் தொல்லை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வேலையைப் பற்றி எதுவும் தெரியாதவர் என்று அர்த்தமாகிவிடும்.

பயணிகள் விமானம் ஓட்டும் நண்பர், "உங்களுக்கென்ன, பெட்டி புகார் சொல்லாது" என்கிறார். நிஜமாகவே சுலபமான வேலையா?

பெட்டி புகார் சொல்லாததுதான் பிரச்சினையே. 777 சரக்கு விமானம் சுமார் 100 டன் ஏற்றும். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்பதில் உங்கள் உயிர் இருக்கிறது. 2013 ஏப்ரல் 29-ல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸின் 747 ஐந்து கவச வாகனங்களோடு கிளம்பியது. மேலேறும்போது ஒரு வாகனமாவது கட்டு அவிழ்ந்து பின்னால் போய், ஹைட்ராலிக் குழாய்களையும் வாலின் கட்டுப்பாட்டு இயக்கத்தையும் உடைத்தது. மூக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது, விமானிகளால் இறக்க முடியவில்லை. ஏழு பேரும் போய்விட்டார்கள். சரக்கேற்றுவதைக் கவனிக்கும் லோட்மாஸ்டர், எடைக் கணக்கு எழுதிய லோட்ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காராமல், எழுந்து சரக்கு வைக்கும் மேல்தளமான மெயின் டெக்குக்குப் போய் நீங்களே ஒரு சுற்று பாருங்கள் என்று ஒவ்வொரு புதியவரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று தீ. மெயின் டெக்கில் பெரும்பாலும் தீயணைக்கும் கருவி கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, கேபின் அழுத்தத்தை இறக்கி, ஆக்சிஜன் இல்லாமல் தீயை அடக்கப் பார்ப்பதுதான் வழி, நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு அவசரமாகத் தரையிறங்க வேண்டும். 2010 செப்டம்பர் 3-ல் துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் 747-ல் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து, காக்பிட் முழுக்கப் புகை நிறைந்து, கருவிகளைக்கூடப் பார்க்க முடியாமல் விமானிகள் இருவரும் இறந்தார்கள். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை, அதனால் அவை நம் விமானத்தில்தான் வரும், சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியோடு. ஆபத்தான சரக்கு பற்றிக் கேப்டனுக்குத் தரும் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்து மடித்து வைக்காதீர்கள். எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு 48 வயது. இப்போது மாறினால் தாமதமா?

ஏற்கெனவே விமானி என்றால் தாமதம் இல்லை. சர்வதேச விதிப்படி இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில் 65 வரை பறக்கலாம். ஆனால் சேர்ந்த தேதியை வைத்துத்தான் பல இடங்களில் சீனியாரிட்டி, பழைய நிறுவனத்தில் கேப்டனாக இருந்தாலும் கடைசி வரிசையிலிருந்து தொடங்க மனம் தயாரா என்று பாருங்கள்.

ராத்திரி முழுக்கப் பறந்துவிட்டுப் பகலில் எப்படித் தூங்குகிறீர்கள்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்! பார்சல் நிறுவனங்களில் விமானங்கள் நள்ளிரவை ஒட்டி ஹப்புக்கு, அதாவது பார்சல்களைப் பிரிக்கும் மைய விமான நிலையத்துக்கு, வந்து சேரும், பெட்டிகளைப் பிரித்து ஏற்ற இரண்டு மூன்று மணி நேரம், விடியும் முன் மறுபடி கிளம்ப வேண்டும். ராத்திரி 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு எவ்வளவு பழகினாலும் தூக்கத்தைத்தான் கேட்கும், பத்து வருட அனுபவம் அதை மாற்றாது.

2013 ஆகஸ்ட் 14 விடியலுக்கு முன், அமெரிக்காவின் அலபாமா மாநில பர்மிங்ஹாமில் தரையிறங்க வந்த யுபிஎஸ் ஏ300 விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி விமானிகள் இருவரும் இறந்தார்கள். ஓடுபாதையை நோக்கி இறங்கி வந்த விதம் நிலையாக இல்லாததும் உயரத்தைக் கவனிக்காததும் காரணம் என்றது விசாரணை. துணை விமானிக்கு ஓய்வு நேரம் கிடைத்தும் போதிய தூக்கம் இல்லாததை, விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அமெரிக்காவில் 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் வந்தபோது சரக்கு நிறுவனங்களுக்கு அவை கட்டாயம் ஆக்கப்படவில்லை. எனக்கு இன்றும் இதில் சமாதானம் இல்லை. பெட்டி ஏற்றிப் போகும் விமானியின் மூளை வேறு மூளையா?

சரி, செய்யக்கூடியது: விமானத்தைவிட்டு இறங்கியதும் கறுப்புக் கண்ணாடி போட்டு நேரே அறைக்குப் போய்ப் படுங்கள், வெயிலில் நின்று பேசினாலே தூக்கம் கலைந்துவிடும். அறையைக் குளிராகவும் இருட்டாகவும் வையுங்கள். காபியை டியூட்டியின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். சாயங்காலம் கிளம்புமுன் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். ஹப்பில் ஓய்வறை இருந்தால், பேசிக்கொண்டிருக்காமல் போய்ப் படுத்துவிடுங்கள். நாசா செய்த ஆய்வில் விமானிகளுக்கு 40 நிமிடம் ஓய்வு கொடுத்தபோது சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அதுவே பிறகு அவர்கள் விழிப்பாக இருக்க உதவியது. இவ்வளவும் செய்தும் முடியவில்லை என்றால், "இன்று என்னால் பறக்க முடியாது" என்று போன் செய்யுங்கள். நான் முதல்முறை அப்படிச் சொன்னபோது கை நடுங்கியது, சொன்னதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

குதிரைகளைக்கூட ஏற்றிப் போவீர்களாமே?

ஆமாம், பந்தயக் குதிரைகள், கோழிக்குஞ்சுகள் எல்லாம் வரும். குதிரைகளோடு பராமரிப்பவர்களும் ஏறுவார்கள். மெதுவாக மேலேற வேண்டும், திருப்பங்களைச் சாய்வு குறைத்து எடுக்க வேண்டும், பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும், டெக் வெப்பநிலையை அடிக்கடி பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த பயணங்கள் அவைதான்.

என் கணவர் நீண்ட தூர சரக்கு நிறுவனத்தில் சேரப்போகிறார். வீட்டில் நாங்கள் எதற்குத் தயாராக வேண்டும்?

நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது, சகோதரி. விமானத்தையும் பணியாளர்களையும் சேர்த்து வாடகைக்கு விடும் நிறுவனம் என்றால் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வெளியே, பிறகு பத்துப் பதினைந்து நாள் முழுதாக வீட்டில் என்ற மாதிரி இருக்கும். அடுத்து எந்த நாடு என்பது கடைசி நேரத்தில்கூட மாறும். வருடக் கடைசியில் சரக்கு அதிகம், அப்போது விடுமுறை கிடைக்கும் என்று நம்பிக் கல்யாணம் காட்சி எதையும் திட்டமிடாதீர்கள்.

அவர் திரும்பி வந்த முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருப்பார், அது உங்கள்மேல் கோபம் இல்லை, தூக்கக் கடன். முக்கியமான பேச்சை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். பிள்ளைகளிடம் அவர் எப்போது எழுந்திருப்பார் என்று மணியைச் சொல்லிவிடுங்கள், அதுவரை கதவைத் தட்டமாட்டார்கள்.