நிக்சன் கதை வேறு, இன்றைய சட்டம் வேறு

முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனின் குடும்பத்துக்கு அவருடைய ஆவணங்களுக்காக இழப்பீடு கிடைத்ததால் அமெரிக்க அதிபரின் ஆவணங்கள் அவர் சொத்து என்று கல்லூரிக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். முதல் அதிபர் வாஷிங்டன் காலம் தொட்டு, ஆவணங்கள் அதிபரின் சொத்து என்பதுதான் வழக்கமாக இருந்தது. அதனால்தான் 1974-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்ட நிக்சனின் உரையாடல் ஒலிப்பதிவு டேப்புகளுக்கும் காகிதங்களுக்கும் சேர்த்து 2000-இல் அரசு 1.8 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது.

1978-இல் வந்த அதிபர் ஆவணச் சட்டம் இதை அடியோடு மாற்றிவிட்டது. 1981 ஜனவரி 20-இல் பதவியேற்ற ரீகன் தொடங்கி, அரசுப் பணி ஆவணங்கள் நாட்டின் சொத்து. பதவி முடிந்ததும் பொறுப்பு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். அரசுக் குறிப்பின் ஓரத்தில் அதிபர் பேனாவால் கிறுக்கிய இரண்டு வார்த்தைகூட இதில் அடங்கும். ஆனால், அரசு வேலைக்குப் பயன்படுத்தாத சொந்த நாட்குறிப்பு போன்றவை அவருக்கே. 1981-க்கு முன், பின் என்று பிரித்து எழுதுங்கள்.