இறக்கிய 86-க்கு அகல டயர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சந்தேகம்: காரை இறக்கிவிட்டேன் (அதாவது தரையிலிருந்து உயரத்தைக் குறைத்துவிட்டேன்), அகல டயர் போட்டால் உரசுமா? 2012-இல் வந்த முதல் தலைமுறைக்குச் சொல்கிறேன். இதன் இரட்டைக் காரான சுபாரு பிஆர்இசட்டுக்கும் இதேதான். பலரிடம் இருக்கும் கம்பெனி ரிம் 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரின் ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கமாக 48 மி.மீ. தள்ளி இருக்கிறது; ஹப் என்றால் சக்கரம் மாட்டும் மையப் பகுதி); டயர் 215/45 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்). இதை வைத்தே கணக்குப் போடுகிறேன்.

அண்ணா, 17×9, ஆஃப்செட் 42 ரிம் நல்ல விலைக்கு வருகிறது. 30 மி.மீ. இறக்கிய காருக்குச் சரியாக வருமா?

வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள் தம்பி. ரிம்மின் பாதி அகலத்தோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து ரிம் உள்பக்கம் நீளும் தூரம்; கழித்தால் வெளிப்பக்கம் நீளும் தூரம். பழைய ரிம்மில் பாதி 88.9 மி.மீ.; உள்ளே 136.9, வெளியே 40.9. நீங்கள் சொல்லும் ரிம்மில் பாதி 114.3, உள்ளே 156.3, வெளியே 72.3. ஆக, உள்ளே 19.4 மி.மீ., வெளியே 31.4 மி.மீ. கூடுதல். எல்லோரும் வெளியே நீட்டுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். முன்பக்கத்தில் டயரின் உள்சுவர் ஸ்ட்ரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். அந்த 19 மி.மீ. அங்கே இருக்க வேண்டும். பின்னால் கவலை வேறு: சக்கரம் மேலே ஏறும்போது டயர் உரசக்கூடிய மட்கார்டின் உள்மடிப்பு. இறக்கிய, தினமும் ஓட்டும் காருக்கு 17×8, ஆஃப்செட் 45 என் தேர்வு. உள்ளே 9.7, வெளியே 15.7 மி.மீ.தான் கூடும்.

நின்றிருக்கும்போது ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. போதாதா?

போதாது. நிற்கும் காரை அளந்து பயனில்லை. பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறுவதை அளக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் மேலே ஏறும் எல்லையில் தடுக்கும் ரப்பர் போன்ற கட்டை) மட்டும் வைத்து ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டுவேன். பிறகு ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும்வரை மேலே தள்ளி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புவேன். மட்கார்டு மடிப்பிலும் ஸ்ட்ரட்டிலும் சிறுவர்கள் விளையாடும் களிமண்ணைச் சிறிது ஒட்டிவைத்தால், டயர் தொட்ட இடத்தில் அதன் கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். ஒரு மதியம் போகும், ஆனால் சந்தேகமே மிஞ்சாது. இறக்குவதற்காகப் பம்ப் ஸ்டாப்பை வெட்டியவர்கள் கவனியுங்கள்: வெட்டிய அளவுக்குச் சக்கரம் கூடுதலாக மேலே போகும்.

225/45 போடலாமா, 245/40 போடலாமா?

ரிம்மைப் பொறுத்தது. 8 அங்குலத்துக்கு 225/45 அழகாக உட்காரும். விட்டம் 625-இலிருந்து 634 மி.மீ. ஆகும், சுமார் 1.4 சதவீதம் கூடுதல் என்பதால், வேகமானி பழையதைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும். 245/40-க்கு 9 அங்குல ரிம் நன்றாகப் பொருந்தும். விட்டம் 628, கிட்டத்தட்ட பழையதேதான். ஒரே அளவு எழுதியிருந்தாலும் டயருக்கு டயர் தோள் (தரையைத் தொடும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) மாறும். சதுரத் தோள் உள்ள டயர் உரசும் இடத்தில் உருண்ட தோள் தப்பிவிடும்.

உரசினால் ஸ்பேசர் போட்டுக்கொள்ளலாமா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைத்து சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு; உள்பக்கம் உரசினால் மட்டும் போடுங்கள். வெளியே உரசும் காருக்கு ஸ்பேசர் நிலைமையை இன்னும் மோசமாக்கும். நட் கையால் குறைந்தது 10 சுற்றாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நீள ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) மாற்றாமல் ஓட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

டொரொண்டோவில் இருக்கிறேன் அண்ணா. பின் மட்கார்டின் உள்மடிப்பை மேலே மடித்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் உங்கள் ஊரில் சாலைக்கு உப்பு போடுவார்கள். ஹீட் கன்னால் பெயின்டை நன்றாகச் சூடாக்கி, ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட் தலைமுடி அளவுக்கு விரியும்; அது போதும், இரண்டு குளிர்காலத்தில் துரு குமிழ் விடும். மடித்த பிறகு உள்ளே சீலரும் பெயின்டும் கட்டாயம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பின் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) நெகட்டிவ் பக்கம் அரை டிகிரி கூட்டிப் பார்ப்பேன். டயரின் மேல்பகுதி உள்ளே சாயும், பல சமயம் அதுவே போதும். குளிர்கால டயருக்குப் பழைய 7 அங்குல ரிம்மையே வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரிம் மாட்டியதும் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பேலன்ஸிங் இரண்டு முறை பார்த்தாயிற்று.

ரிம்மின் நடுத் துளையைப் பாருங்கள். 86-இன் ஹப் விட்டம் 56.1 மி.மீ. கம்பெனி ரிம் அல்லாத, வெளியில் வாங்கும் ரிம்களில் துளை பெரிதாக இருப்பது சகஜம். ரிம் மயிரிழை விலகி உட்காரும். சரியான அளவு வளையம் வாங்கி ஹப்பில் மாட்டுங்கள். சக்கரம் தரையைத் தொடாதபோது நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, காரைத் தரையில் இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வையுங்கள். 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை.