நானோ அறிவியல் முதுகலை வெளிநாட்டில்: நீலகிரிப் பிள்ளைகளின் கேள்விகள்

நான் குன்னூர்க்காரி. பெல்ஜியத்தின் லூவெனில் நானோ அறிவியல் முதுகலை முடித்தேன். மலையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் தருகிறேன்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 70 சதவீதம். ஜெர்மனிக்குப் போதுமா அக்கா?

தேர்ச்சிக்கு 40 என்று வைத்தால், ஜெர்மன் கணக்கில் உன் 70 சதவீதம் 2.5 ஆகும். அங்கே 1 தான் உச்சம், 4 தேறினால் போதும் என்ற அளவு. பல படிப்புகள் 2.5 வரைதான் ஏற்கின்றன. அதனால் கடைசி செமஸ்டரை விட்டுவிடாதே தம்பி. மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில நான்கு வருடம் கேட்கும். பணம் கட்டும் முன் அதைப் பார். உன் இந்தியப் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு.

கோத்தகிரியில் பச்சைத் தேயிலைதான் எங்கள் வருமானம். மகளை அனுப்ப எவ்வளவு ஆகும்?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. தோட்டத்தை அடமானம் வைக்கும் முன் ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் அண்ணா. கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் கிடையாது. விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி வாக்கில் முடிந்துவிடும்.

கூடலூர், பணியர் சமூகம். எனக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 20 இடம். அதில் 3 இடம் பணியர், தோடர், இருளர் போன்ற மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கென்றே ஒதுக்கியது. நம் மலையில் இது பலருக்குத் தெரியவே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவசியம் விண்ணப்பி தங்கச்சி.

அப்பா இந்து நகர் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர். விண்ணப்பக் கடிதத்தில் அதை எழுதலாமா?

தாராளமாக எழுது! போட்டோ பிலிமில் ஒளி பட்டதும், அதில் பூசிய வெள்ளி ஹாலைடு என்ற வெள்ளி உப்பின் படிகத்தின் மேல் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடும். நான்கு அணு சேர்ந்தாலே போதும், பிலிமைக் கழுவும் டெவலப்பர் என்ற ரசாயனம் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடும். இது அசல் நானோ அறிவியல். அதை நம் ஊர்க்காரர்கள் இருட்டறையில் கையால் செய்தார்கள். சிப் செய்யும் தூசியில்லா அறையான கிளீன் ரூமிலும், ஒளியால் சிப்பில் வடிவம் பதிக்கும் லித்தோகிராபி அறையில் மஞ்சள் விளக்குதான் எரியும், ஏனென்றால் அங்கே பூசும் போட்டோரெசிஸ்ட் என்ற ஒளி உணரும் பூச்சு நீல ஒளி பட்டால் கெட்டுவிடும். உள்ளே போகும் முன் தலைக்கு உறை, முகக்கவசம், முழு அங்கி, கையுறை என்று வரிசையாக மாட்ட வேண்டும். பென்சிலுக்கும் சாதாரணத் தாளுக்கும் அனுமதி இல்லை, தூசி உதிரும். உன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசு, பிலிம் வேலையில் தூசிக்கு எவ்வளவு பயந்தார்கள் என்று கேள். அந்தக் கடிதத்தை வேறு யாராலும் எழுத முடியாது.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

தரவரிசையை ஓரமாக வை. ஆய்வறிக்கையை எந்த ஆய்வகத்தில் செய்வாய் என்று பார். லூவெனில் ஐமெக், பிரான்சின் கிரெனோபிளில் லெட்டி என்று சிப் ஆய்வு மையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. உயிரியல் பக்கம் ஆர்வம் இருந்தால் வேறு ஊர் தேடு.

கிளீன் ரூமை நான் பார்த்ததே இல்லை. விண்ணப்பம் எடுபடுமா?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) ஐஎன்யூபி என்ற நானோ மின்னணுவியல் பயிற்சி இருக்கிறது, வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஊட்டியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பாய். முதலில் அதற்கு எழுதிப் போடு.