அந்த ‘4 வருடம்’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஜூலை 2023-ல் மெடிக்ளைம் பாலிசி எடுத்தேன். மார்ச் 2025-ல் என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வீங்கி, இரு பக்கமும் லேசரில் கல் உடைத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,86,000 ரூபாய். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘4 வருடமாக இரு சிறுநீரக வீக்கம்’ என்று எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று நிறுவனம் கிளைமை நிராகரித்து, பாலிசியையும் ரத்து செய்யப் போவதாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஏஜென்ட் போனே எடுப்பதில்லை. டிபிஏ (நிறுவனத்துக்காக கிளைமைக் கையாளும் இடைநிறுவனம்) கவுன்டரில் அவமானப்படுத்தினார்கள். நோய்க் குறியீட்டையும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். கல் என்பதால் என்13.2 வரவேண்டும், என்13.3 என்று இருக்கிறது. சம்மரியையும் குறியீட்டையும் திருத்தித் தருவதாக மருத்துவமனையில் சொல்கிறார்கள். வாங்கிக்கொண்டு, மன உளைச்சலுக்கு 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஏஜென்ட், கவுன்டர், அவமானம் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். அவற்றுக்காக எந்த நுகர்வோர் ஆணையமும் 20 லட்சம் தராது. சில ஆயிரங்கள் கிடைத்தால் அதிகம்.

உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது. ஜூலை 2023-க்கு முன்னால் எந்த மருத்துவராவது உங்கள் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தாரா, அதற்கு ஆலோசனையோ மருந்தோ கொடுத்தாரா? ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வைத்திருக்கும் இலக்கணம் இதுதான். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 48 மாதத்தில் (இப்போது 36 ஆக்கிவிட்டார்கள்) மருத்துவர் கண்டறிந்தது அல்லது அவரிடம் ஆலோசனை, சிகிச்சை பெற்றது. சிறுநீரகம் உள்ளுக்குள் எத்தனை வருடமாக வீங்கியிருந்தது என்பது யூராலஜிஸ்டின் (சிறுநீரகப் பாதை மருத்துவர்) கேள்வி, சட்டத்தின் கேள்வி இல்லை.

அதனால் முதல் வேலை, வீட்டு பீரோவைத் திறந்து பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் எடுத்த ஒரு ஸ்கேனில் ‘லேசான வீக்கம்’ என்று ஒரு வரி இருந்தாலும் கதை வேறு. 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சத்வந்த் கவுர் சாந்து வழக்கும் சிறுநீரக நோய் சம்பந்தப்பட்டதுதான். பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தது நிரூபணமானது, நிறுவனம் ஜெயித்தது. அப்படி ஏதாவது இருந்தால் எனக்கு எழுதாதீர்கள், உங்கள் வக்கீலிடம் நேரில் சொல்லுங்கள்.

எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ‘4 வருடம்’ எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மாதம் ஒன்று இப்படி வருகிறது. அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் ‘எத்தனை நாளாம்மா?’ என்று கேட்டிருப்பார். ‘நாலு வருஷமா இடுப்பு வலிதான் சார்’ என்று உங்கள் மனைவி சொல்லியிருப்பார். கேஷ்லெஸ் படிவத்தில் ‘தற்போதைய நோய் எத்தனை நாட்களாக’ என்ற கட்டத்தில் அது நாலு வருடமாக ஏறியது. அடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். வலி நாலு வருடம், ஆனால் வீக்கம் என்று தெரிந்தது மார்ச்சில்தான். இந்த இடைவெளிதான் உங்கள் வழக்கு. மறைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். பழைய சிகிச்சை ஆவணம் இல்லாமல் சம்மரியின் ஒரு வரியை மட்டும் காட்டினால் போதாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் பலமுறை சொல்லியிருக்கிறது.

இனி, நீங்கள் விழப்போகும் குழி. திருத்திய சம்மரி வாங்காதீர்கள். முதல் சம்மரி ஏற்கெனவே டிபிஏ கோப்பில் இருக்கிறது. என்னிடம் ஒருவர் வந்தார். ஒரே ஐபி (உள்நோயாளி) எண், ஒரே தேதி, ஒரே டாக்டர் கையெழுத்தோடு இரண்டு சம்மரிகள். ஒன்றில் ‘3 வருடம்’, இன்னொன்றில் ‘10 நாள்’. இரண்டில் எது பொய் என்று விசாரணையில் கேட்டார்கள். பதில் சொல்ல டாக்டர் வரவே இல்லை. ஜெயிக்க வேண்டிய வழக்கு அன்றோடு முடிந்தது.

குறியீட்டைத் திருத்துவது அதைவிட மோசம். மருத்துவப்படி நீங்கள் சொல்வது சரி. கல் அடைத்து வந்த வீக்கத்துக்கு என்13.2, காரணம் குறிப்பிடாததற்கு என்13.3. பில்லிங்கில் இருந்தவர் ஸ்கேன் தலைப்பை மட்டும் பார்த்துப் போட்டிருப்பார். ஆனால் உங்கள் பாலிசிக்கு வயது அப்போது 20 மாதம். பெரும்பாலான பாலிசிகளில் சிறுநீரகக் கல்லுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, அதற்குள் கல் சிகிச்சைக்கு கிளைம் கிடைக்காது. உங்கள் பாலிசியில் அந்தப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் நிறுவனம் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு கொண்டுவர முடியாது என்று கலாடா பவர் (2016), சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் (2019) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் புதுக் குறியீட்டோடு மறுபரிசீலனை கேட்டால், அவர்கள் விட்ட காரணத்தை நீங்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, புதிதாக ஒரு நிராகரிப்புக் கடிதம் எழுத வாய்ப்பும் தருகிறீர்கள். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. ஆபரேஷன் குறிப்பில் கல் இருக்கிறது, அது அப்படியே போகட்டும். இருக்கிற காகிதத்தைத் தொடாதீர்கள்.

வாங்க வேண்டியது வேறு: முழு உள்நோயாளிக் கோப்பின் நகல். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி கேட்ட 72 மணி நேரத்தில் தரவேண்டும். முதல் நாள் கேஸ் ஷீட்டில் ‘இடுப்பு வலி, விட்டு விட்டு, 4 வருடம்’ என்று இருந்தால் அதுதான் உங்கள் தங்கம். கூடவே, ‘4 வருடம்’ எதை வைத்து எழுதினோம் என்று யூராலஜிஸ்டிடம் இன்றைய தேதியிட்ட ஒரு விளக்கக் கடிதம். விளக்கம் மட்டும், மாற்றம் இல்லை.

பிறகு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடம், ஞாபகம் இருக்கட்டும். அங்கே நிறுவனம் பேரத்துக்கு வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். கல் விஷயம் எந்த நேரமும் மேலே வரலாம் என்பதால் ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்வேன். ஒரே நிபந்தனை, பாலிசி ரத்து நோட்டீஸை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். மறைத்ததாக ரத்தான பாலிசி ஒன்று இருந்தால், அடுத்த நிறுவனம் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கும். இரண்டு சிறுநீரகமும் பாதித்த ஒருவருக்கு 2,86,000 ரூபாயைவிட அந்தப் பாலிசி பெரிது. தொடர்ந்து 60 மாதம் தாண்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது.

அப்புறம், ஸ்டென்ட் எடுக்க மறுபடி அதே மருத்துவமனைக்குப் போவீர்கள். திரும்பவும் படிவம் நிரப்புவார்கள், ‘எத்தனை நாளாம்மா?’ என்பார்கள். வலியை வலி என்றும், வீக்கத்தை வீக்கம் என்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.