சாயமும் நீர்த்தெள்ளும்: 48 மணி நேர நச்சுச் சோதனை பற்றிய கேள்வி பதில்

துணிச் சாயங்களின் குறுங்கால நச்சுத்தன்மையை நீர்த்தெள்ளு என்னும் மிகச் சிறிய நன்னீர் உயிரைக் கொண்டு சோதிப்பது பற்றிக் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் 202ஆம் இலக்க வழிகாட்டியையே அடிப்படையாகக் கொண்டு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி: ஐயா, மீனை விட்டுவிட்டு நீர்த்தெள்ளை ஏன் எடுக்கிறார்கள்? இறந்ததை எண்ணுவதா, அசையாததை எண்ணுவதா?

மீனைக் கொண்டும் சோதிக்கிறார்கள், பிள்ளை. ஆனால் நீர்த்தெள்ளுக்கு அதற்கேயுரிய வசதிகள் உண்டு. அல்காவைத் தின்று வாழ்ந்து மீன்குஞ்சுக்கு இரையாகும் உயிர் என்பதால், அதற்கு நேரும் கேடு உணவுச் சங்கிலியின் இரு பக்கமும் பரவும். நாள் முழுவதும் நீரை வடிகட்டித் தின்பதால், கரைந்த பொருளும் மிதக்கும் துகளும் அதன் உடலை எளிதில் அடைகின்றன. சோதனைக்கு வழக்கமாக எடுக்கப்படும் டப்னியா மக்னா என்ற நீர்த்தெள்ளு இனத்தின் பெண், நல்ல சூழலில் ஆண் துணையின்றியே தன்னை ஒத்த பெண்குஞ்சுகளை ஈனும். எனவே ஒரே மரபுடைய குஞ்சுகள் வேண்டிய அளவுக்குக் கிடைக்கும். ஒன்றுக்கொன்று வேறுபாடும் குறைவு.

எண்ணுவது அசைவிழந்தவற்றை. முகவையை மெதுவாக ஒரு முறை சுழற்றிவிட்டு, அடுத்த 15 செக்கன்களுக்குள் நீந்தாத குஞ்சு அசைவிழந்ததாகக் கணக்கில் சேரும்; அதன் உணர்கொம்பு துடித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். நுணுக்குக்காட்டியில் வைத்தால் இதயம் இன்னும் அடிப்பதைக்கூடக் காணலாம். இவ்வளவு சிறிய உயிரில் சாவின் கணத்தைத் துல்லியமாகக் கூறுவது கடினம் என்பதனாலேயே நீந்துகிறதா, இல்லையா என்ற தெளிவான அளவுகோலை வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எண்ண வேண்டும்.

கொழும்பில் பயிலும் பல்கலைக்கழக மாணவர் இருவர்: பருத்தி நூலோடு இரசாயனமாகப் பிணையும் தாக்குச் சாயம் ஒன்றை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்திருக்கிறோம். சோதனையை எவ்வாறு அமைப்பது?

முதலில் சாயப் பொடியைப் பற்றி. கடையில் கிடைக்கும் பொடி முழுவதும் சாயமன்று. உப்பும் வேறு சேர்மானங்களும் அதில் கலந்திருக்கும். எனவே உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளைப் பெற்று, தூய சாயத்தின் பங்கு எவ்வளவு என்பதையும், மூலக்கூறில் செம்பு, குரோமியம், கோபால்ற்று போன்ற உலோகம் உண்டா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உலோகம் உண்டு எனில், உலோகத்தைப் பற்றிப் பிடிக்கும் ஈ.டி.ரி.ஏ. கலந்த வளர்ப்பு ஊடகத்தில் சோதிக்கக் கூடாது; நச்சு குறைந்ததுபோல் பொய்த் தோற்றம் வரும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 6341 என்ற சர்வதேசத் தரநியமத்தில் தரப்பட்டுள்ள சோதனை நீர் பொருத்தமானது. கல்சியம் குளோரைட்டு, மகனீசியம் சல்பேற்று, சோடியம் இருகாபனேற்று, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கு உப்புகளையும் தூய நீரில் கரைத்தால் அது கிடைத்துவிடும்.

அடுத்தது குஞ்சுகள். ஈன்று 24 மணி நேரம் கடக்காதவையாக இருக்க வேண்டும். தாயின் முதல் ஈற்றுக் குஞ்சுகளை எடுக்கக் கூடாது. வளர்ப்புத் தொட்டியில் ஆண்களோ, முதுகில் கறுத்த சேணம்போன்ற முட்டையுறையோடு பெண்களோ தென்பட்டால், அந்த வளர்ப்பு நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். அதிலிருந்து சோதனைக்கு எடுக்காதீர்கள்.

செறிவுகள் குறைந்தது ஐந்து வேண்டும். அடுத்தடுத்த செறிவுகளுக்கிடையே 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி இல்லாதிருப்பது நல்லது. முன்னோட்டச் சோதனையில் பரந்த எல்லையைக் கண்டபின், லீற்றருக்கு 6.25, 12.5, 25, 50, 100 மில்லிகிராம் என்று அமைக்கலாம். ஒவ்வொரு செறிவுக்கும் 20 குஞ்சுகளை ஐவைந்தாக நான்கு முகவைகளில் விடுங்கள். ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மில்லிலீற்றர் கரைசல் வேண்டும். சாயமற்ற நீரில் கட்டுப்பாட்டுக் குழுவும் அதே எண்ணிக்கையில் இருக்கட்டும். 48 மணி நேரமும் உணவு இல்லை, காற்றூட்டல் இல்லை. வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசுக்குள் ஏதேனும் ஒன்றில் நின்று, அதிலிருந்து ஒரு பாகைக்கு மேல் மாறாதிருக்க வேண்டும். கொழும்பின் அறை வெப்பத்தில் இது நடக்காது; குளிரூட்டும் வசதியுள்ள அடைகாப்புப் பெட்டி அவசியம், மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் அவசியம்.

குஞ்சுகளை மாற்றும் கணத்தில்தான் புதியவர்களின் சோதனை பெரும்பாலும் கெடுகிறது. வாய் அகன்ற குழாயியால் ஒரு குஞ்சை உறிஞ்சி, அதன் நுனியைக் கரைசலின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்த்திய பின்பே விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்றுக் குமிழி புகுந்து, குஞ்சு நீர்ப்பரப்பில் பக்கவாட்டாக ஒட்டி மிதக்கும். கீழே இறங்க முடியாமல் தவித்து, ஈற்றில் அசைவிழந்ததாக எண்ணப்பட்டுவிடும். அது சாயத்தின் நச்சு அன்று, கையின் பிழை. குஞ்சோடு சேர்ந்து செல்லும் நீரும் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். 10 மில்லிலீற்றர் முகவையில் ஐந்து குஞ்சுகளோடு ஒரு மில்லிலீற்றர் நீர் சேர்ந்தாலே செறிவு ஏறத்தாழ பத்திலொரு பங்கு குறைந்துவிடும்.

இன்னொன்றையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாக்குச் சாயத்தில் நூலோடு பிணையாமல் எஞ்சும் பகுதி, காரமான சாயத் தொட்டியிலேயே நீருடன் தாக்கமுற்று வேறு வடிவமாகிவிடுகிறது. கழிவுநீரில் பெரும்பாலும் செல்வது அந்த வடிவமே. பொடியை அப்படியே கரைத்து மட்டும் சோதித்தால், ஆற்றுக்குப் போகாத ஒன்றைச் சோதித்ததாக முடியும். காரக் கரைசலில் சூடாக்கி, ஆறவிட்டு, நடுநிலையாக்கிய சாயத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். நடுநிலையாக்கும்போது உண்டாகும் உப்பின் அளவையும் தனிக் குழுவில் வையுங்கள்.

அதே மாணவர்கள்: எங்கள் சாயம் கருநீலம். உயர் செறிவில் குஞ்சு இருப்பதே தெரியவில்லை.

ஆழமான முகவையை விட்டு, அகன்ற தட்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பயன்படுத்துங்கள். வெள்ளை ஒளிப்பெட்டியின் மேல் வைத்தால் இரண்டொரு சென்ரிமீற்றர் ஆழத்தில் பெரும்பாலான சாயங்களுக்கூடாகக் குஞ்சின் நிழல் தெரியும். அதற்கும் மசியாத கறுப்பானால், 48 மணி நேர முடிவில் மட்டும் தூய நீருக்கு மாற்றி உடனே எண்ணலாம். சிறிது நேரம் தாமதித்தாலும் மயங்கிக் கிடந்தவை மீண்டும் நீந்தத் தொடங்கலாம் என்பதால், அந்த முறையில் எண்ணியதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். எந்த முகவையில் எவ்வளவு சாயம் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடுவதால், எண்ணுபவரின் எதிர்பார்ப்பு எண்ணிக்கையில் கலக்க இடமுண்டு. இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவதை நான் கட்டாயமாக்குவேன்.

இரத்மலானையிலிருந்து சாயத் தொழிற்சாலையின் ஆய்வுகூடப் பொறுப்பாளர்: எமது கழிவுநீரை நீர்க்காமல் விட்டபோது நீர்த்தெள்ளு எல்லாம் அசைவிழந்துவிட்டது. சாயத்தை மாற்றினால் சரியாகுமா?

சாயத்தை மாற்றுவதற்கு முன் உப்பைப் பாருங்கள். தாக்குச் சாயத்தைப் பருத்தியில் ஏற்ற, நிறத்தின் ஆழத்துக்கேற்ப லீற்றருக்குப் பல பத்துக் கிராம் சோடியம் குளோரைட்டோ சோடியம் சல்பேற்றோ இடுகிறார்கள். டப்னியா மக்னாவோ நன்னீர் உயிர். லீற்றருக்குச் சில கிராம் கறியுப்பே 48 மணி நேரத்தில் அதன் பாதியை நிறுத்திவிடப் போதுமானது. அலசிய நீர் சேர்ந்து தொட்டி நீர் பத்து மடங்கு நீர்த்தாலும் அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கக்கூடும். அடுத்தது காரம்: சோடாவால் பீ.எச். 10, 11 வரை ஏறிய நீரில் எந்தச் சாயமும் இல்லாமலே குஞ்சுகள் மடியும். பிறகு ஒட்சிசன்: சேதனப் பொருள் மிகுந்த கழிவில் நுண்ணுயிர்கள் அதை இரவோடிரவாகத் தின்று தீர்த்துவிடும். வெளிற்றப் பயன்பட்ட பரவொட்சைட்டின் மிச்சமும் சவர்க்காரப் பொருள்களும் வேறு.

ஆகவே ஒரே சோதனையில் விடை தேடாமல், பக்கம்பக்கமாகச் சில குழுக்களை வையுங்கள். கழிவுநீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதே கடத்துதிறன் வரும்வரை தூய சோதனை நீரில் உப்பை மட்டும் கரைத்து ஒரு குழு, பீ.எச். திருத்தாத கழிவுநீர் ஒரு குழு; 7.5 அளவுக்குத் திருத்தியது ஒரு குழு. உப்புக் குழுவே கழிவுநீரைப்போல் நடந்துகொண்டால், சாயத்தை மாற்றிச் செலவழிப்பதில் பயனில்லை. உப்புக் குறைவாகக் கேட்கும் சாயத்துக்கோ சாயமேற்றும் முறைக்கோ மாறுவதே வழி. பீ.எச். திருத்தியதும் குஞ்சுகள் பிழைத்தால் நடுநிலையாக்கும் தொட்டியைச் சீர்செய்யுங்கள். இரண்டாலும் விளங்காத நச்சு எஞ்சினால் அப்போது சாயத்தையும் துணைப்பொருள்களையும் சந்தேகியுங்கள். கற்றயன் வகைச் சாயங்கள் (நேரேற்றம் கொண்டவை) பொதுவாகத் தாக்குச் சாயங்களைவிட நீர்வாழ் உயிர்களுக்குக் கொடியவை. அக்கிரிலிக் நூலுக்கு அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள் எனில் அந்த வரிசையின் கழிவைத் தனியே எடுத்துச் சோதியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் வண்ணமீன் வளர்ப்பவர்: மீனுக்குத் தீனியாக விற்கும் மொயினா என்ற சிறு நீர்த்தெள்ளைக் கொண்டு சோதிக்கலாமா? குழாய் நீர் போதுமா?

ஒப்பீட்டுக்குச் சோதிக்கலாம். டப்னியா மக்னா நமது நாட்டு உயிர் அன்று. மொயினா மைக்ரூராவும் செரியோடப்னியா கோர்னூற்றாவும் இலங்கைக் குளங்களில் வாழ்பவை, நமது வெப்பத்துக்குப் பழகியவை. களனி கங்கைக்கு ஏற்படும் கேட்டை அறிய அவை இன்னும் பொருத்தமானவை என்பதே எனது கருத்து. ஆனால் இனத்தையும் வெப்பநிலையையும் தெளிவாக எழுதாமல், அந்த எண்ணை மக்னாவின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. குழாய் நீர் வேண்டாம். அம்பத்தளையில் சுத்திகரித்து வருவதில் குளோரீன் உண்டு, மீன் தாங்கும் அளவையும் நீர்த்தெள்ளு தாங்காது.

மருதானையிலிருந்து ஆசிரியர் ஒருவர்: எண்ணிய எண்களிலிருந்து ஈ.சி. 50ஐ, அதாவது பாதிக் குஞ்சுகளை அசைவிழக்கச் செய்யும் செறிவை, கணிப்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

விளக்கத்துக்காக நானே அமைத்த எண்களைத் தருகிறேன். 20 குஞ்சுகளில் அசைவிழந்தவை லீற்றருக்கு 6.25 மில்லிகிராமில் எதுவுமில்லை, 12.5இல் 1, 25இல் 5, 50இல் 14, 100இல் 20 என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 25க்கும் 50க்கும் இடையில் விழுகிறது. 25இல் 25 சதவீதம், 50இல் 70 சதவீதம். மடக்கை அளவுத்திட்டத்தில் இவ்விரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால், 50 சதவீதம் லீற்றருக்கு ஏறத்தாழ 37 மில்லிகிராமில் வரும். ஆய்வறிக்கைக்குப் புரோபிற்று போன்ற புள்ளிவிபர முறையால் 95 சதவீத நம்பிக்கை எல்லைகளோடு தர வேண்டும். இரசாயனங்களை வகைப்படுத்தும் உலகளாவிய முறையில் ஈ.சி. 50 லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் 100 வரை என்பது குறுங்கால நச்சின் மூன்றாம் வகை. 1 வரை முதலாம் வகை, அதற்கு மேல் 10 வரை இரண்டாம் வகை.

எண்ணைக் கணிக்கும் முன் சோதனை செல்லுமா என்று பார்க்கப் பழக்குங்கள். கட்டுப்பாட்டுக் குழுவில் 10 சதவீதத்துக்கு மேல் அசைவிழந்தாலோ, முடிவில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினாலோ முழுச் சோதனையையும் ஒதுக்க வேண்டும். வளர்ப்பின் நலத்தை அறியப் பொற்றாசியம் இருகுரோமேற்றை இடைக்கிடை சோதிப்பார்கள். அதன் 24 மணி நேர ஈ.சி. 50, லீற்றருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். அது நஞ்சு என்பதால் பாடசாலையில் மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

தெகிவளையிலிருந்து பற்றிக் துணி செய்யும் அம்மா ஒருவர்: நான் இப்போது இயற்கைச் சாயத்துக்கு மாறிவிட்டேன். இனிக் கவலை இல்லையா?

சாயத்தைவிட, நிறம் பிடிக்கச் சேர்க்கும் உப்பைக் கவனியுங்கள், அம்மா. மயில்துத்தம் சேர்த்தால் அதிலுள்ள செம்பு நீர்த்தெள்ளுக்கு மிகக் கொடிது. லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பங்கே போதும். அந்த நீரை வடிகாலில் ஊற்றாதீர்கள். படிகாரத்தோடு நிற்பது எவ்வளவோ மேல்.

பலர் கேட்டது: 100 மில்லிகிராமிலும் ஒன்றும் ஆகவில்லை எனில் அந்தச் சாயம் பாதுகாப்பானது என்று எழுதலாமா? நிறத்தை நீக்கிவிட்டால் போதாதா?

48 மணி நேரத்தில் அசைவிழக்கச் செய்யவில்லை என்று மட்டுமே எழுதலாம். குஞ்சு ஈனும் ஆற்றலைப் பாதிக்கிறதா என்பதை அறிய 21 நாள் சோதனை வேறாக உண்டு. நிறமே ஒளியை மறித்து அல்காவைத் தளர்த்தலாம். அசோச் சாயம் ஒட்சிசன் இல்லாத சேற்றில் உடைந்து அரோமற்றிக்கு அமீன்கள் என்னும் சேர்மங்களைத் தரும். அவற்றுள் சில மூலச் சாயத்தைவிடத் தீங்கானவை.

கழிவுநீர் வெளியேற்றம் பற்றிய நமது நாட்டின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் பொது எல்லைகள், நிறத்தை 436, 525, 620 நனோமீற்றர் அலைநீளங்களில் அளக்கச் சொல்கின்றன. அந்த அளவீடு தேவையானது; ஆனால் நீரில் வாழும் உயிருக்கு நேர்வதை அது கூறாது. குளோரீன் இட்டு நிறத்தைப் போக்கிய நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். எஞ்சிய குளோரீனும் உடைந்த விளைபொருள்களும் நீர்த்தெள்ளை முன்னையிலும் விரைவாக நிறுத்தலாம். ஆகையால் நிறநீக்கத்துக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். பின்னெடுத்ததில் எஞ்சிய குளோரீனை அளந்து, ஒரு பாதியைச் சோடியம் தயோசல்பேற்றால் நடுநிலையாக்கி, மறுபாதியை அப்படியே வைத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஈற்றுக் குஞ்சுகளைக் கொண்டு சோதியுங்கள். தயோசல்பேற்று மட்டும் கலந்த ஒரு கட்டுப்பாட்டுக் குழுவையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.