அவர் கையெழுத்து போடாவிட்டால் விவாகரத்தே கிடையாதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கையெழுத்தைப் பற்றியவைதான். ஒரு வக்கீலாக என்னால் முடிந்த வரை பதில் சொல்கிறேன். மதம் குறிப்பிடாதவர்களுக்கு இந்து திருமணச் சட்டத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

நாலு வருஷமா அம்மா வீட்டில் இருக்கேன் மேடம். "சாகும் வரை கையெழுத்து போட மாட்டேன்"னு அவர் சொல்றார். வேற வழி இல்லையா?

இருக்கிறது அம்மா. இருவரும் கையெழுத்திட வேண்டியது 13பி பிரிவில், அதாவது இருவரும் சம்மதித்துச் சேர்ந்து போடும் மியூச்சுவல் மனுவில் மட்டும். 13-வது பிரிவில் நீங்கள் தனியாகவே வழக்கு போடலாம். அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை, காரணமும் சாட்சியமும்தான் தேவை. கொடுமை ஒரு காரணம், இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போனது இன்னொன்று.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். நாலு வருடம் பிரிந்திருந்தாலே 'கைவிட்டது' ஆகிவிடாது. வீட்டை விட்டு வந்தது நீங்கள் என்றால், "காரணமில்லாமல் போனது அவள்தான்" என்று அவர் சொல்வார். அடி, சந்தேகம், பண நெருக்கடி என்று எதனால் வெளியேற நேர்ந்தது என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி சீட்டு, போலீஸில் கொடுத்த மனுவின் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். இரண்டு காரணங்களையும் சேர்த்தே மனு போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊர் கோர்ட்டிலேயே வழக்கு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். வழக்கு நடக்கும்போதே 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். வாய்தாவை இழுத்தடிக்கும் ஆசை பலருக்கு அதோடு குறைந்துவிடுகிறது.

நோட்டீஸே வாங்க மாட்டேங்கிறார்.

சரியான விலாசத்துக்குப் போனதை வாங்க மறுத்தால், வாங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆளே பிடிபடவில்லை என்றால் கோர்ட் அனுமதியோடு கதவில் ஒட்டலாம், பேப்பரில் விளம்பரம் தரலாம். அப்படியும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும். அப்போதும் நீங்கள் சாட்சி சொல்லி வழக்கை நிரூபித்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தெரிந்தே பழைய விலாசத்தைக் கொடுக்காதீர்கள். பிறகு அவர் வந்து "எனக்குத் தகவலே இல்லை" என்று காட்டிவிட்டால், கையில் இருக்கும் தீர்ப்பு ரத்தாகி வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மியூச்சுவலில் முதல் கையெழுத்து போட்டாச்சு. ஆறு மாசம் கழிச்சு இப்போ மாட்டேங்கிறாங்க. பணமும் கொடுத்துட்டேன் சார்.

(மேடம்தான் தம்பி, பரவாயில்லை.) தீர்ப்பு வரும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனுவை வைத்து இனி கட்டாயப்படுத்த முடியாது, 13-வது பிரிவுதான் வழி. கொடுத்த பணத்துக்கு ஆதாரம் இருந்தால் கோர்ட்டில் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பெரும்பகுதியை டிடி எடுத்து, இரண்டாவது முறை ஆஜராகும் அன்று நீதிபதி முன்னால் கொடுங்கள்.

எட்டு வருஷம் தனித்தனியா இருக்கோம். "சேர்ந்து வாழவே முடியாது" என்ற காரணத்துக்கே இப்போ விவாகரத்து தர்றாங்களாமே?

2023 மே மாதத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஒருவர் எதிர்த்தாலும் திருமணம் மீள முடியாமல் முறிந்திருந்தால் அதைக் கலைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது அரசியலமைப்பின் 142-வது பிரிவு அந்த நீதிமன்றத்துக்கு மட்டும் தரும் அதிகாரம். உங்கள் ஊர் குடும்ப நீதிமன்றத்துக்கு அது இல்லை.

ஊர் பெரியவங்க முன்னாடி இருபது ரூபா பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து போட்டுப் பிரிஞ்சோம். இது போதுமா?

போதாது. உங்கள் சமூகத்தில் அத்துவிடும் (கோர்ட்டுக்குப் போகாமலேயே திருமணத்தை முறித்துக்கொள்ளும்) வழக்கம் காலங்காலமாக இருந்ததை நிரூபித்தால் 29-வது பிரிவு அதை ஏற்கும், ஆனால் நிரூபிப்பது லேசில்லை. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரலாம்.

நாங்க கிறிஸ்தவங்க.

உங்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்துக்குப் பிறகு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது ஆகிய காரணங்களில் ஒருவரே மனு போடலாம்.

தீர்ப்பு வந்தாச்சு மேடம், அவர் எதிர்த்துதான் நடத்தினார். அடுத்த மாசம் கல்யாணம் வைக்கலாமா?

வேண்டாம். அப்பீல் போக 90 நாள் இருக்கிறது. அது முடிந்ததும், அப்பீல் எதுவும் நிலுவையில் இல்லை என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்புறம் மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.